டிரைவர் பக்கத்துச் சக்கரம்

அண்ணனின் வலது கை நடுவிரல் முட்டியில் ஒரு காய்ப்பு இருந்தது. கறுப்பாக, மிளகு ஒட்டிக்கொண்டதுபோல. அது ஸ்டியரிங் பிடித்து வந்ததல்ல. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் நான்கு சக்கரங்களுக்கும் மேலே வளைந்திருக்கும் மட்கார்டை அந்த முட்டியால் தட்டிப் பார்ப்பான். தட்டிவிட்டுக் காதைத் தகரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்வான். தகரம் நன்றாக இருந்தால் 'டங்' என்று சொல்லும். உள்பக்கம் துரு தின்றிருந்தால் 'தொப்' என்று சொல்லும், ஈரச் சாக்கைத் தட்டியதுபோல. நாங்கள் இருப்பது பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் முதல் மாடி. ஜன்னலுக்கு நேர் கீழே வண்டி நிற்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். மூன்று டங், ஒரு தொப். அந்தத் தொப் எப்போதும் டிரைவர் பக்கத்து முன் சக்கரத்திலிருந்து வரும்.

அண்ணனை அடக்கம் செய்த பிறகும் அந்தத் தட்டும் சத்தம் கேட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாதா கோவிலுக்குக் கூட்டிப்போய்த் தலையில் கை வைத்து ஜெபம் செய்திருப்பார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். தி. நகரில் ஒரு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவன் போன நாளிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் அரித்தது: என் அண்ணன் பயந்துகொண்டே செத்தானா? கடைசி வருஷத்தில் அவன் பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த விதத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கிறது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாமே துருப்பிடிக்கும். இரண்டு தெரு தாண்டினால் கடல். ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் செம்மண் ஒட்டும். பூட்டுக்குள் சாவி போகவில்லை என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவார்கள். மாதா படத்தை மாட்டியிருந்த ஆணியே ஒருநாள் இற்றுப்போய்ப் படம் கீழே விழுந்திருக்கிறது. இந்தக் காற்றில்தான் அண்ணன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி நிறுத்தினான். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிய வண்டி. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கத்து வயசானவர்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போவதுதான் அவன் வேலை. கதவைத் திறந்துவிட்டு, கையைப் பிடித்து உட்காரவைத்து, செருப்பை எடுத்துக் காலடியில் வைப்பான். அதற்காகவே அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

வண்டி என்றாலே அம்மாவுக்குப் பயம். அப்பா ஆட்டோ ஓட்டினவர். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு மழைநாளில் அடையாறு பாலத்தில் ஆட்டோ வழுக்கிக் கவிழ்ந்ததில் இறந்துபோனார். வழுக்கி என்ற வார்த்தையைத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதன் பிறகு மழை பெய்தால் அண்ணன் வீடு திரும்பும்வரை அம்மா உட்கார மாட்டாள். அடுப்பும் பற்றவைக்க மாட்டாள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

எல்லாம் தொடங்கியது டீச்சர் மாமி சொன்ன ஒரு பேச்சில். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிட்டையர்ட் டீச்சர் அவர். மாசம் ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் கூட்டிப்போவான். அன்றைக்கு என்னைக் கடையில் இறக்கிவிடுவதற்காக முன்சீட்டில் ஏற்றியிருந்தான். லஸ் முனையில் சிக்னலுக்காக நின்றபோது மாமி கதவின் ஓரத்துத் துருவை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பிள்ளை கனடாவுல இருக்கானோன்னோ, அங்கே பனி கொட்டித்துன்னா ரோடு பூரா உப்பை வாரிக் கொட்டறா. வண்டி வழுக்கப்படாதுன்னு. ஆனா அந்த உப்பே சக்கரத்துக்கு மேல ஏறி உக்காந்துண்டு தகரத்தைத் தின்னுடறதாம். அதனால குளிர் வர்றதுக்கு முன்னாடியே உள்பக்கம் நன்னா அலம்பி, காயவெச்சு, கறுப்பா ஏதோ பூசிண்டுடறா."

அண்ணன் சிரித்தான். "இன்னா மாமி, அவங்க ரோட்ல கொட்டிக்கிறாங்க. எங்க ஊட்டாண்ட காத்துலயே கொட்டிக்கினு கீது."

"அதான் சொல்றேன், நீயும் பூசிக்கோடா. வண்டி ஓட்டையாயி நான் ரோட்டுல விழுந்துவெக்கப் போறேன்."

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் மாமி மாதிரியே பேசிக் காட்டினான். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவதுபோல விரலைத் தூக்கி, "உப்பை வாரிக் கொட்டறா" என்றான். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அண்ணனைக் கேட்டாள்: "உப்பு போட்டா வண்டி வழுக்காதா நைனா?"

"வழுக்காதாம்மா. அந்த ஊர்ல வண்டிக்கு அதான் காவலு."

அவ்வளவுதான். எத்தனையோ நாள் எத்தனையோ பேசியிருக்கிறோம். இந்த ஒரு பேச்சை மட்டும் யார் காதில் எப்படி விழுந்தது என்று நான் இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

அண்ணன் மறுவாரமே வேலையை ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உள்பக்கத்தை லாரித் தண்ணீரால் கழுவினான். நாங்கள் குடிப்பதற்குப் பிடித்துவைக்கும் தண்ணீர் அது. போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பான். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, கறுப்புப் பூச்சைக் கையாலேயே அப்பினான். முழங்கைவரை கறுப்பாகிவிடும். முதல் தடவை அவசரத்தில் ஈரம் காய்வதற்கு முன்னாலேயே பூசிவிட்டான். அவன் வழக்கமாகப் போகும் கிண்டி ஷெட்டில் தகடு அடித்து ஒட்டும் டிங்கர் வேலை பார்க்கும் பாய் அதைப் பார்த்துவிட்டுத் திட்டினார்: "ஈரத்தோட பூசுனியேடா, துருவ உள்ள வச்சித் தச்சிட்ட. வெளிய பாத்தா மாப்பிள்ள மாதிரி கீது, உள்ள பொணம்." மறுபடி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவிட்டுப் பூசினான். மூன்று சக்கரங்களில் துரு நின்றுவிட்டது. டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தில் மட்டும் நிற்கவில்லை. பூச்சுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் அழுத்தினால் உடைந்து, பழுப்புத் தண்ணீர் வடிந்தது.

பிறகுதான் அந்த உப்பு. ஒருநாள் காலையில் அந்தச் சக்கரத்துக்கு அடியில் தரையில் வெள்ளையாக நாலைந்து கற்கள் கிடந்தன. அண்ணன் குனிந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். காற்றில் வரும் உப்பு மாவு மாதிரி படியும். இது கல்லுப்பு. யாரோ கையால் போட்டால்தான் வரும். பெருக்கித் தள்ளினான். கொஞ்ச நாளில் மறுபடி கிடந்தது. வண்டி மெதுவாகப் போகும்போது, குளத்தைச் சுற்றி மாடவீதியில் கூட்டத்துக்கு நடுவில் உருட்டிக்கொண்டு போகும்போது, அந்த மட்கார்டுக்குள் ஒரு சத்தம் வரும். சர், சர் என்று. முறத்தில் அரிசி புடைப்பதுபோல. அண்ணன் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பான். நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும். பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

பாய் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "கடல்ல எறக்குனியாடா வண்டிய?"

"கரைக்கே கொண்டு போனதில்ல பாய்."

"அப்பறம் எப்பிடி? மத்த மூணும் நல்லாக் கீது. இந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் கடல் வந்துட்டுப் போவுதா?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அண்ணன் அதை வீட்டில் வந்து சொன்னபோது சிரிக்கவில்லை.

லஸ் பக்கம் டாக்சிகள் நிற்கும் இடத்தில் அவனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. அவன்தான் செய்வினைப் பேச்சை முதலில் எடுத்தது. "மச்சி, இது காத்தும் இல்ல கடலும் இல்ல. எவனோ செஞ்சி வச்சிகீறான். டிரைவர் சீட்டாண்ட பாத்து வச்சிகீறான் பாரு." அண்ணன் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் டிரைவர் சீட்டாண்ட என்றது அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கிய வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் தொங்க ஆரம்பித்தது. தூக்கம் குறைந்தது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஜன்னலில் போய் நிற்பான். "யாரு மேல நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று ஒருநாள் அம்மாவைக் கேட்டான். அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. மறுநாள் ஆழ்வார்பேட்டையில் அவள் சமைக்கும் இரண்டு வீடுகளுக்கும் லீவு சொல்லிவிட்டு கோவில் வாசலில் கல்குகைபோலக் கட்டியிருக்கும் மாதா கெபிக்குப் போய் முழங்காலில் நின்றாள். அதன் பிறகு சக்கரத்தடியில் உப்பு இன்னும் அதிகமாகக் கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் அது நின்றது. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கத்துக்கு முன்னாலேயே கீழே போன அண்ணன் தட்டாமலேயே மேலே வந்தான். அம்மா இன்னும் பூசையிலிருந்து வரவில்லை. அவள் வந்து டீ போட்டுக் கொடுத்ததும் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா, "இன்னா நைனா, மூஞ்சில இன்னா கீது?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு வஞ்சிரம் வாங்கியாரேன், கொழம்பு வைக்கிறியா?" என்றான். அவ்வளவுதான். அந்த வாரம் வண்டியைக் கிண்டிக்குக் கொண்டுபோனான். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துப் போட்டான். உப்பு கிடக்கவில்லை. சர் சர் சத்தம் இல்லை. காலையில் நான்கும் டங் என்றன. "யார்ணா பண்ணது, தெரிஞ்சிதா?" என்று கேட்டேன். "போச்சி பாப்பா, உட்டுட்டாங்க" என்றான். எனக்கு அது பயத்தை மூடி மறைக்கிற பேச்சாகத்தான் பட்டது. ஏனென்றால் அப்போதிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தனியாகக் கடற்கரைக்குப் போவான். ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, மூடியிருந்த கையை அலைக்குள் விட்டுத் திறந்தான். கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "கடல்ல இருந்து வந்தத கடல்லயே குடுத்துட்டேன்" என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அந்தச் சமயத்திலேயே எங்கள் வீட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா காணாமல் போனது. மூடி மட்டும் அலமாரியில் கிடந்தது. அம்மா என்னைத்தான் திட்டினாள். "மூடி கீது, டப்பா எங்கடி? கடைக்கு சோறு எடுத்துக்கினு போய் தொலச்சிட்டு வந்து முழிக்கிறா பாரு." அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. எங்கள் கட்டடத்திலேயே நிறைய பேருக்கு வந்த காய்ச்சல்தான். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடியபடியே பேசினான். சக்கரத்தில் அலைச் சத்தம் கேட்கிறது என்றான். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து இழுத்து, "டப்பா நெறஞ்சிடும் பாப்பா. பாத்துக்க" என்றான். எந்த டப்பா என்று கேட்டேன். தூங்கிவிட்டான். அதுதான் என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது. வீட்டுக்கு வந்து அரிசி டப்பா, பருப்பு டப்பா, மாவு டப்பா எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். எதுவும் நிறைந்திருக்கவில்லை. அடக்கத்தன்று அவன் கைகளைச் சேர்த்துவைத்து ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். மணிகளுக்கு நடுவில் அந்த முட்டியின் காய்ப்பு தெரிந்தது. இந்தக் கை இனிமேல் தட்டாது என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்ஷீட்டைப் போட்டு மூடி வண்டி அங்கேயே நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது தட்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு டங். கனவு என்று நினைத்தேன். அடுத்த வாரமும் கேட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை. போர்வைக்குள்ளேயே கிடந்து, அண்ணா, அண்ணா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் வந்த பிறகு கீழே போய்ப் பார்த்தால் டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தின் கீழே வெள்ளைக் கற்கள். வண்டி நகரவே இல்லை. டயருக்குக் கீழே மண்கூடக் கலையவில்லை. உப்பு மட்டும் புதிதாக, ஈரம் பட்டு மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. அவனை விரட்டிய எதுவோ அவன் போன பிறகும் போகவில்லை என்று தோன்றியது. இல்லையென்றால் அவனே இன்னும் வண்டிக்குக் காவல் நிற்கிறான். இரண்டில் எது என்றாலும் அவன் நிம்மதியாகப் போகவில்லை என்றுதானே அர்த்தம். வாரங்கள் போகப்போக இன்னொன்றும் கவனித்தேன். அந்த டங் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. ஒருநாள் காலையில் அது தொப் என்றாகிவிட்டது.

அந்தத் தொப்தான் என்னை எழுப்பியது என்று சொல்ல வேண்டும். அண்ணனாக இருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டுப் போக மாட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கியிருந்தது. கடல் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் கேட்டது. வண்டியின் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று குனிந்திருந்தது. பெட்ஷீட்டின் ஒரு முனையைத் தூக்கிவிட்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் முழங்கைவரை கையை உள்ளே விட்டிருந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பிறகு கையை வெளியே எடுத்து, விரலை மடக்கி, தகரத்தை ஒரு தட்டுத் தட்டியது. காதைக் கொண்டுபோய் வைத்தது. அது திரும்பியது. தலையில் கோவிலுக்குப் போடும் வெள்ளை முக்காடு. அம்மா.

"தூங்கலியாடி நீ?" என்றாள், சாதாரணமாக.

"இன்னாம்மா பண்ற?"

அவள் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தை மூடினாள். மாதா கெபியில் ஜனங்கள் காணிக்கையாகக் கொட்டுவார்களே, அந்த உப்பும் மிளகும். அதில் மிளகைப் பொறுக்கிவிட்டு உப்பை மட்டும் எடுத்து வந்திருந்தாள். "நேர்ச்சைடி. வாய் தொறந்து சொன்னா பலிக்காது. அதான் உங்க யாருக்கும் சொல்லல. அன்னிக்கு அந்த டீச்சரம்மா சொல்லிச்சின்னு நைனா சொன்னானே, உப்பு போட்டா வழுக்காதுன்னு. வெறும் உப்புக்கே அவ்ளோன்னா மாதா உப்புக்கு எவ்ளோ இருக்கும்? அவன் சீட்டாண்ட இருக்கிற சக்கரமாப் பாத்து வச்சிக்கினு வந்தேன்."

"அவன் பயந்தானேம்மா. எவனோ செஞ்சி வச்சிகீறான்னு தூங்காம கெடந்தானே."

"அதான் இன்னும் ரெண்டு கை சேத்துப் போட்டேன். எந்தக் கெட்டதும் அண்டக்கூடாதுன்னு." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணில் ஒன்றும் இல்லை. "கடைசிவரைக்கும் வண்டியில அவனுக்கு ஒரு கீறல் உண்டா சொல்லு. சாவு காய்ச்சல்ல வந்துச்சி. சக்கரத்துக்குப் போட்டேன், அவனுக்குப் போடாம உட்டுட்டேன்."

"இப்ப யாருக்கும்மா போட்ற? யாரு ஓட்றாங்க?"

அம்மா வண்டியைப் பார்த்தாள். "அவன் இப்ப எங்க ஓட்டிக்கினு கீறானோ. அங்கயும் மழ பெய்யும் இல்ல." பெட்ஷீட்டைச் சரியாக இழுத்துவிட்டாள். "தட்றது, அவன் தட்டுவானே, அதான். காலையாச்சின்னு வண்டிக்குத் தெரிய வேணாமா."

மேலே வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவன் எந்தக் கைக்குப் பயந்து எலுமிச்சம்பழம் கட்டினானோ அது சோறு போட்ட கை. அவன் கழுவிக் கழுவிப் பூசினது முழுக்க அவள் உப்பைப் போட்டுக் கரைத்துவிட்டாள். அவன் அது தெரியாமலேயே போய்விட்டான். இதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. உன் உப்புதாம்மா, உன் மாதா உப்புதான் என்று. முதலில் வண்டியைக் காட்டி, எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதுகூட அந்த நினைப்புக்கு உடம்பு கூசுகிறது.

அண்ணனின் கூட்டாளிதான் வண்டியை எடுத்துக் கொடுத்தான். பேட்டரி மாற்றி, கிண்டி ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அடையாறு பாலத்தின் மேல் வண்டிகள் மெதுவாக ஊர்ந்தபோது அந்தச் சத்தம் வந்தது. சர், சர். கூட்டாளி ரேடியோவை நிறுத்தினான், அண்ணன் நிறுத்துவதுபோலவே. "தங்கச்சி, உனுக்கும் கேக்குதா?" என்றான். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். இன்னது என்று தெரிந்திருந்தும் எனக்கும் ரோமம் சிலிர்த்தது. அப்பா வழுக்கி விழுந்த பாலம். டிரைவர் பக்கத்துச் சக்கரம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சிந்திக்கொண்டே போனது.

பாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நீ இத காலி பண்ணலியா தங்கச்சி? அவன் சொல்லலியா உனுக்கு?"

குனிந்து பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம், வெளியிலிருந்து ஒருவர் கையை விட்டால் விரல் நேராகப் போய் நிற்கும் இடத்தில், எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பா இருந்தது. இரண்டு போல்ட்டு வைத்து முடுக்கி, ஓரம் முழுக்க ஈரம் இறங்காமல் கறுப்புப் பூச்சு அப்பியிருந்தது. அந்தப் பூச்சில் அவன் விரல்கள் பதிந்த தடம் அப்படியே இருந்தது. டப்பா நிறைந்து, உப்பு மேலே குவிந்து, ஓரமெல்லாம் வழிந்திருந்தது. வழிந்த இடத்தில் மட்டும் புதுத் துரு.

"இத்துப்போனத வெட்டிட்டு நான்தான் புதுத் தகடு வச்சி அடிச்சிக் குடுத்தேன்" என்றார் பாய். "காயவச்சி அவனே பூசுனான். இந்த டப்பா எதுக்குடான்னு கேட்டேன். அம்மா கை வைக்கிற எடம் பாய், எவர்சில்வர்னா துருப்பிடிக்காதுன்னான். தடுத்தா அது மனசு ஒடஞ்சிடும், வாராவாரம் நான் எடுத்துப் போட்டுக்கறேன்னான். ஏதோ உங்க சாமி சமாச்சாரம்னு உட்டுட்டேன்."

"பயந்தானா பாய்?"

"யாரு, அவனா? சிரிச்சிக்கினே முடுக்குனான். எங்கம்மா இன்னும் என்னத் தொட்டில்ல கெடக்கிற கொழந்தன்னு நெனச்சிக்கினு கீதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

நான் அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது. அந்த விடியற்காலையில் அண்ணன் சீக்கிரமாகக் கீழே போனபோது அம்மாவின் கை உள்ளே இருந்திருக்கும். நான் பார்த்ததுபோலவே பார்த்திருப்பான். நான் அழுதேன், அவன் வஞ்சிரம் வாங்கிவரப் போனான். துருவையும் நிறுத்தினான், அம்மாவையும் நிறுத்தவில்லை. அவன் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டதும் இதுதான். காய்ச்சலில் என்னிடம் ஒப்படைத்ததும் இதைத்தான். பாயிடம் துருவை மட்டும் சுரண்டிப் பூசச் சொன்னேன். டப்பாவை எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவள் போடுகிறாள், சனிக்கிழமை நான் எடுக்கிறேன். முழங்கால் தண்ணீரில் நின்று கையைத் திறக்கும்போது அலை அதை வாங்கிக்கொள்கிற வேகம் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், காத்துக்கொண்டிருந்ததுபோல. மூடி இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா என்னைத் திட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறேன். லைசென்ஸ் எடுத்துவிட்டேன். முதலில் "அவன் வண்டி, யாரும் ஏறக்கூடாது" என்று நின்ற அம்மா, சக்கரத்தைப் போய்த் தொட்டுவிட்டு வந்து சரி என்றாள். டீச்சர் மாமியைக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். காலையில் நான்கு மட்கார்டையும் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். என் நடுவிரல் முட்டியும் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

போன வாரம் ராத்திரி முழுக்க மழை. விடியும்போது கண் விழித்தேன். பக்கத்தில் அம்மா படுத்திருந்தாள், அவள் கை என் கைமேல் இருந்தது. கீழே தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. அடுத்த சக்கரத்துக்கு நடந்துபோகிற இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான் அசையவில்லை. அம்மா தூக்கத்திலேயே, "கெளம்பிட்டான்" என்றாள். கடைசித் தட்டு டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தில் விழுந்தது. ஜன்னலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கும் டங் என்றுதான் கேட்டன.